யாராவது சொல்லிவிட்டால் தேவலை

மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமையை எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டாயிற்று. தூர தேசத்துக்குப் புறப்படும் எஜமான் தன் ஊழியக்காரர்களை அழைத்து ஆஸ்தியை ஒப்படைக்கிறான். ஒருவனுக்கு ஐந்து தாலந்து, ஒருவனுக்கு இரண்டு, மூன்றாமவனுக்கு ஒன்று. கொடுத்த கையோடு கிளம்பிவிடுகிறான். இதை வைத்துக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்று அவன் சொல்லவே இல்லை. லூக்கா 19-இல் உள்ள ராத்தல் உவமையில், நான் திரும்பி வரும்வரை வியாபாரம் பண்ணுங்கள் என்ற நேரடி உத்தரவு உண்டு. மத்தேயுவில் அது கிடையாது. பெருக்கு என்றும் சொல்லவில்லை, பத்திரப்படுத்து என்றும் சொல்லவில்லை.

கையில் இருப்பதோ சின்னத் தொகை இல்லை. ஒரு தாலந்து என்பது ஆறாயிரம் தெனாரி. ஒரு தெனாரி அந்தக் காலத்துக் கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஆகவே குறைவாகப் பெற்ற மூன்றாமவனிடம்கூட ஏறக்குறைய இருபது வருடக் கூலி இருக்கிறது. அவன் அதைத் திருடவில்லை, குடித்துத் தீர்க்கவில்லை. மண்ணைத் தோண்டிப் புதைத்துவிட்டு, எஜமான் வந்ததும் ஒரு காசு குறையாமல் திருப்பித் தருகிறான். நீர் கடினமானவர் என்று தெரியும், அதனால் பயந்துவிட்டேன் என்கிறான். எந்தக் கட்டளையையும் அவன் மீறவில்லை என்பதுதான் வேடிக்கை. மீறுவதற்கு அங்கே கட்டளையே இல்லை. என்ன செய்வது என்று தானே முடிவெடுக்க வேண்டியிருந்தது. அதைத்தான் அவன் செய்யவில்லை.

கிறிஸ்தவ வாழ்வில் சுதந்திரம் என்றதும் நாம் கேட்கும் பேச்சு பெரும்பாலும் எச்சரிக்கையாகவே இருக்கிறது. சுதந்திரம் ஆக்ஸிலேட்டர், பொறுப்பு பிரேக், இரண்டும் அளவோடு இருந்தால்தான் வண்டி ஓடும் என்ற உதாரணத்தைச் சொல்லாத இளைஞர் கூட்டம் உண்டா? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் படம் தவறு என்று நினைக்கிறேன். அதன்படி பார்த்தால் சுதந்திரம் கூடக் கூடப் பொறுப்பு குறையும், பொறுப்பு கூடக் கூடச் சுதந்திரம் குறையும். தாலந்து உவமையிலோ இரண்டும் ஒரே கையில் ஒரே நேரத்தில் கொடுக்கப்படுகின்றன. முடிவெடுக்கும் உரிமை யாரிடம் இருந்ததோ அவனிடம்தான் கணக்குக் கேட்க முடியும். உரிமையே இல்லாதவனிடம் என்ன கணக்கு?

யாத்திராகமத்தின் வரிசையும் இதுதான். பத்துக் கட்டளைகள் எகிப்தில் கொடுக்கப்படவில்லை. இவற்றைக் கைக்கொண்டால் உங்களை விடுவிப்பேன் என்று தேவன் பேரம் பேசவும் இல்லை. முதலில் கடலைக் கடக்க வைத்தார், அப்புறம்தான் சீனாய் மலை. கட்டளைகளின் முதல் வாக்கியமே, அடிமைத்தன வீட்டிலிருந்து உன்னைப் புறப்படப்பண்ணின தேவன் நான் என்றுதான் தொடங்குகிறது. பார்வோனின் கீழே செங்கல் அறுத்தவனிடம் வாரத்தில் ஒரு நாள் ஓய்ந்திரு என்று சொல்லி என்ன பயன்? அவனுடைய நாள் அவனிடம் இல்லை. ஓய்வுநாளைக் கைக்கொள்வதற்கே முதலில் விடுதலையாகியிருக்க வேண்டும்.

அப்படி விடுதலையானவர்கள் வனாந்தரத்தில் என்ன செய்தார்கள் என்பதும் நமக்குத் தெரியும். எண்ணாகமம் 11-இல் எகிப்தின் மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அழுகிறார்கள். அங்கே செலவில்லாமல் சாப்பிட்டோமே என்கிறார்கள். செலவில்லாமலா? பிள்ளைகளை நதியில் பறிகொடுத்த ஜனம் பேசுகிற பேச்சு இது. அவர்களைத் திட்டுவது சுலபம். ஆனால் நாளைக்கு என்ன செய்வது என்ற கவலையை இன்னொருவன் எடுத்துக்கொண்ட வாழ்க்கைக்கு ஒரு ருசி உண்டு. அந்த ருசி சாப்பாட்டில் இல்லை.

இன்றைக்கு விசுவாசிகள் மத்தியில் நான் அதிகம் பார்ப்பது அந்த ருசியைத்தான். சுதந்திரத்தைத் துஷ்பிரயோகம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கையில் இருக்கும் சுதந்திரத்தை யாரிடமாவது ஒப்படைத்துவிடத் துடிக்கிறவர்கள் அதைவிட அதிகம். எனக்குத் தெரிந்த ஒருவருக்கு இரண்டு இடங்களில் வேலை கிடைத்தது. இரண்டும் நேர்மையான வேலை, இரண்டும் அவரால் செய்யக்கூடியது. அவர் செய்தது என்னவென்றால், தமக்குத் தெரிந்த ஊழியர்களிடமெல்லாம் ஜெபித்துச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே போனார். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் வேதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து, விரல் பட்ட வசனத்தை வைத்து முடிவு செய்தார். அந்த வேலை பிறகு சரிப்படவில்லை. ஆண்டவர் ஏன் என்னை இங்கே கொண்டுவந்தார் என்று இப்போது கேட்கிறார். ஆண்டவர் கொண்டுவந்தாரா என்ற கேள்வி மட்டும் அவருக்கு எழவில்லை.

தேவசித்தம் அறிவது அவசியமில்லை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். திருடாதே, பொய்ச்சாட்சி சொல்லாதே, பிறனை நேசி என்பதிலெல்லாம் தேவசித்தம் வெளிச்சமாகவே இருக்கிறது. அதற்கு யாரும் அடையாளம் கேட்பதில்லை, கவனித்தீர்களா? வெளிப்படையாகச் சொல்லப்பட்டதில் தயங்குகிறோம், நம் தீர்மானத்துக்கு விடப்பட்டதில் வெளிப்பாடு கேட்கிறோம்.

பவுல் இதை எப்படிக் கையாண்டார் என்பதற்கு 1 கொரிந்தியர் 7-இன் கடைசி இரண்டு வசனங்கள் போதும். புருஷன் இறந்துபோன பெண் மறுமணம் செய்யலாமா என்பது கேள்வி. தனக்கு இஷ்டமானவனை விவாகம் செய்துகொள்ள அவள் விடுதலையாயிருக்கிறாள், கர்த்தருக்குட்பட்டவனாக மட்டும் இருக்கட்டும் என்கிறார். தனக்கு இஷ்டமானவன்! முதலாம் நூற்றாண்டில் ஒரு விதவையிடம் ஒரு அப்போஸ்தலர் இதைச் சொல்கிறார். அடுத்த வசனத்தில், என் அபிப்பிராயத்தைக் கேட்டால் அவள் அப்படியே இருந்துவிடுவது நல்லது என்றும் சேர்க்கிறார். தன் கருத்தை மறைக்கவில்லை, ஆனால் அதைக் கட்டளையாக்கவும் இல்லை. முடிவு அவளுடையது. ஆலோசனை சொல்கிற எந்த ஊழியரும் இந்த இரண்டு வசனங்களைத் தாண்டிப் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

முடிவைக் கைமாற்றிவிடுவதில் ஒரு வசதி இருக்கிறது. தவறாகப் போனால் பழியையும் கைமாற்றிவிடலாம். வேதத்தில் இந்தப் பழக்கம் மூன்றாம் அதிகாரத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. ஆதாம் ஒரே வாக்கியத்தில் மனைவியையும் தேவனையும் சேர்த்துக் குற்றவாளியாக்குகிறான்: நீர் தந்த ஸ்திரீ கொடுத்தாள், நான் சாப்பிட்டேன். பிலாத்து தண்ணீர் வரவழைத்துக் கை கழுவுகிறான். அந்த இடத்தில் இயேசுவை விடுதலை செய்ய அதிகாரம் இருந்த ஒரே ஆள் அவன்தான். ஆனால் இந்த வரிசையில் எனக்குப் பிரியமானவர் ஆரோன். பொன் கன்றுக்குட்டியைப் பார்த்துக் கொதித்துப்போன மோசே, இந்த ஜனங்கள் உனக்கு என்ன செய்தார்கள் என்று கேட்கிறார். ஆரோன் சொல்லும் பதில்: "அதை அக்கினியிலே போட்டேன், அதிலிருந்து இந்தக் கன்றுக்குட்டி வந்தது." தானாக வந்துவிட்டதாம்! அதே அதிகாரத்தின் நாலாம் வசனத்தில், அவரே கருவி பிடித்து அதை வடிவமைத்தார் என்று எழுதியிருக்கிறது. எழுதியவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு. சபைகளில் கணக்கு உதைக்கும்போதும், கட்டட நிதி காணாமல் போகும்போதும், நிர்வாகக் குழுவில் இந்தக் கன்றுக்குட்டி எத்தனை முறை தானாக வந்திருக்கிறது!

இதுவரை சொன்னது சுதந்திரத்தைத் தாமாகவே கொடுத்துவிடுகிறவர்களைப் பற்றி. பொறுப்பின் பெயரைச் சொல்லி அடுத்தவனின் சுதந்திரத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் இன்னொரு பக்கம். அவர்களுக்கு மிகவும் உதவும் ஒரு வார்த்தை, இடறல்; அதாவது இன்னொருவன் விசுவாசத்தில் தடுக்கி விழக் காரணமாவது.

விக்கிரகங்களுக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்பது கொரிந்து சபையின் பிரச்சினை. விக்கிரகம் ஒன்றுமில்லை என்று தெரிந்தவர்கள் தயங்காமல் சாப்பிட்டார்கள். நேற்றுவரை அதே விக்கிரகத்தைக் கும்பிட்டுவந்த புதிய விசுவாசிக்கு அது அவ்வளவு லேசான காரியமாக இல்லை. அறிவுள்ளவன் கோவிலில் பந்தியிருப்பதைப் பார்த்து அவனும் துணிந்து சாப்பிடுவான், ஆனால் அவன் மனசாட்சி உள்ளே சம்மதித்திருக்காது. அப்படி அவன் கெட்டுப்போவான் என்பதுதான் பவுலின் கவலை. ஆகவே, என் சகோதரனுக்கு இடறலானால் நான் என்றைக்கும் மாம்சம் புசிக்கமாட்டேன் என்கிறார். இது 1 கொரிந்தியர் 8. அடுத்த அதிகாரத்தில், ஊழியத்துக்குக் கூலி பெறத் தமக்கு இருக்கும் உரிமையை வரிசையாக நிரூபித்துவிட்டு, அதை நான் பயன்படுத்தவில்லை என்கிறார்.

இங்கே இரண்டு விஷயங்கள் வழக்கமாகத் தவறிவிடுகின்றன. பலவீனன் என்று பவுல் சொல்வது, தன் மனசாட்சிக்கு விரோதமாக இழுக்கப்படக்கூடியவனை. எரிச்சலடைகிறவனை அவர் சொல்லவில்லை. முப்பது வருடமாக முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் மூப்பர், ஒரு பெண்ணின் உடையோ ஒரு பையனின் இசைக்கருவியோ தனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக எனக்கு இடறலாக இருக்கிறது என்கிறார். அவர் அதைப் பார்த்துத் தானும் கிதார் வாசிக்கத் துணிந்து, மனசாட்சி கெட்டு, விசுவாசத்தை விட்டுப் போய்விடுவாரா என்ன? அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இன்னொன்று, பவுல் அங்கே விட்டுக்கொடுப்பது தன் சொந்த உரிமையை. நான் புசிக்கமாட்டேன் என்று தன்மையில் பேசுகிறார். பலமுள்ளவன் தானாக இறங்கி வருவது ஒன்று, பலமுள்ளவன் பலவீனனைப் பார்த்து நீ இடறலாக இருக்கிறாய், இறங்கு என்பது முற்றிலும் வேறொன்று. அதிகாரம் உள்ளவர்கள் வாயில் இந்த வசனம் வரும்போதெல்லாம் யார் எதை விட்டுக்கொடுக்கச் சொல்கிறார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

எல்லா இடத்திலும் விட்டுக்கொடுத்தவரும் இல்லை பவுல். தீமோத்தேயுவின் தாய் யூதப் பெண், தகப்பன் கிரேக்கன். அந்தப் பகுதி யூதர்களை முன்னிட்டு அவனுக்கு விருத்தசேதனம் செய்வித்தார் என்று அப்போஸ்தலர் 16 சொல்கிறது. தீத்து முழுக் கிரேக்கன். எருசலேமில் அவனுக்கும் செய்தாக வேண்டும் என்று சிலர் வற்புறுத்தியபோது, ஒரு நாழிகைகூட நாங்கள் இணங்கவில்லை என்று கலாத்தியருக்கு எழுதுகிறார். சடங்கு ஒன்றே, முடிவு இரண்டு. ஊழியத்துக்கு வசதி என்று செய்தபோது அது சாதாரண விஷயம், இரட்சிப்புக்கு நிபந்தனை என்று கேட்டபோது சுவிசேஷமே ஆட்டம் காணும் விஷயம். இதை ஒரு விதிமுறையாக எழுதி வைக்க முடியாது. ஒவ்வொரு தடவையும் யார் கேட்கிறார்கள், எதற்காகக் கேட்கிறார்கள், இணங்கினால் யாருக்கு நஷ்டம் என்று யோசித்தாக வேண்டும்.

அந்தியோகியாவில் பேதுரு தடுமாறியது இந்த இடத்தில்தான். புறஜாதி விசுவாசிகளோடு சேர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் எழுந்து விலகிக்கொண்டார். பர்னபாவும் கூடவே போய்விட்டார். வந்தவர்களுக்கு இடறல் வேண்டாம் என்று நினைத்தேன் என்று பேதுரு ஒரு நல்ல விளக்கம்கூடத் தந்திருக்கலாம். ஆனால் அவர் எழுந்து போனபோது பந்தியில் மிச்சமிருந்தவர்களுக்கு அது என்னவாக இருந்திருக்கும்? நீங்கள் இரண்டாந்தரம் என்பதைத் தவிர வேறென்ன? அதனால்தான் பவுல் எல்லோர் முன்பாகவும் அவரை முகமுகமாய் எதிர்த்தார். பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்குப் பேதுரு, புதிதாக வந்த பெரிய மனிதர்களுக்கு என்று பதில் வைத்திருந்தார். பவுல், ஏற்கெனவே பந்தியில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்றார்.

அன்பு இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அன்புகூரு, பிறகு உன் விருப்பப்படி செய் என்ற வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீனின் வாக்கியத்தை எடுத்துக்காட்டுவார்கள். அதை அவர் எந்த இடத்தில் சொன்னார் என்பதைச் சொல்லமாட்டார்கள். கி.பி. 407 வாக்கில், யோவானின் முதலாம் நிருபத்தைப் பற்றிய ஏழாம் பிரசங்கத்தில் சொன்னார். தகப்பன் மகனை அடிக்கிறான், ஆள்பிடிக்கிறவனோ பிள்ளையைக் கொஞ்சுகிறான், ஆகவே கடுமையிலும் அன்பு இருக்கலாம் என்பது அங்கே வாதம். பின்னணியில் இருந்தது வட ஆப்பிரிக்காவின் சபையிலிருந்து பிரிந்துபோன தொனாத்திஸ்து பிரிவினரோடு நடந்த தகராறு. அவர்களை அரச பலத்தால் சபைக்குள் கொண்டுவருவதை அகுஸ்தீன் பின்னாளில் வெளிப்படையாகவே ஆதரித்தார். அவர் அன்பில்லாமல் அதைச் செய்தார் என்று நான் சொல்லமாட்டேன். அன்பே அளவுகோல் என்றால், அந்த அன்பைப் பெறுகிறவனிடமும் ஒரு வார்த்தை கேட்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

1520-இல் ஜெர்மானியச் சீர்திருத்தவாதி லூத்தர், கிறிஸ்தவன் யாருக்கும் கீழ்ப்படாத சுதந்திரன், அவனே எல்லாருக்கும் கீழ்ப்பட்ட ஊழியன் என்று எழுதினார். இரண்டையும் ஒன்றாக நிறுத்திய அந்த வரிகளை இன்றைக்கும் யாரும் மிஞ்சவில்லை. ஐந்து வருடம் கழித்து ஜெர்மானிய விவசாயிகள் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதினார்கள். கிறிஸ்து தம் இரத்தத்தால் எங்கள் எல்லாரையும் மீட்டாரே, நாங்கள் எப்படி இன்னொருவனின் உடைமையாக இருக்கலாம் என்பது மூன்றாம் கோரிக்கை. லூத்தருக்கு அது பிடிக்கவில்லை. கிறிஸ்தவ சுதந்திரத்தை மாம்சத்துக்குரியதாக்குகிறீர்கள், ஆபிரகாமுக்கும் அடிமைகள் இருந்தார்களே என்றார். கலகம் பரவியதும், அவர்களை வெட்டிச் சாயுங்கள் என்று பிரபுக்களுக்கு எழுதினார். பல்லாயிரக்கணக்கானவர்கள் செத்தார்கள். கலகத்தில் விவசாயிகளும் கொடுமை செய்தார்கள்தான். ஆனாலும் அந்த மூன்றாம் கோரிக்கைக்கு லூத்தர் சொன்ன பதில் எனக்கு ஜீரணமாகவில்லை.

விடுதலை ஆவிக்கு மட்டும்தான் என்று சொல்கிறவர்கள் வேதத்தையே கத்தரிக்க வேண்டிவரும் என்பதற்கும் சரித்திரத்தில் ஆதாரம் இருக்கிறது. 1807-இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று வேதாகமத்தின் ஒரு பதிப்பு அச்சானது. எகிப்திலிருந்து இஸ்ரவேலர் புறப்பட்ட கதை அதில் இல்லை. அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை என்கிற கலாத்தியர் 3:28 இல்லை. வேலைக்காரரே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிற எபேசியர் 6:5 மட்டும் பத்திரமாக இருந்தது. அடிமை வியாபாரத்தைத் தடை செய்யும் சட்டத்தை பிரிட்டிஷ் பாராளுமன்றம் நிறைவேற்றிய அதே வருடம் அது. கீழ்ப்படிதலைப் போதிக்க நினைத்தவர்கள் எதையெல்லாம் எடுத்தார்கள் என்று பார்த்தாலே மிச்சம் புரிந்துவிடும்.

மன்னிப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்று அதிகம் நடப்பது அது. தவறு செய்த தலைவர் மேடையேறிக் கண்ணீர் விடுகிறார், ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார் என்கிறார், சபை கை தட்டுகிறது. பாதிக்கப்பட்டவர் வாயைத் திறந்தால், மன்னிக்கத் தெரியாதவர் என்ற பட்டம். இயேசுவைச் சந்தித்த ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், சகேயு இப்படிச் செய்யவில்லை. ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்றான். எண்ணாகமம் 5 கேட்பது முதலும் அதன்மேல் ஐந்தில் ஒரு பங்கும்தான். அவன் சட்டம் கேட்டதைவிட அதிகம் கொடுத்தான், அதுவும் யாரும் கேட்காமலே. மன்னிக்கப்பட்டவனுக்கு அந்தச் சுதந்திரம் உண்டு. இழந்தவனிடம் போய் நிற்கத் துணிவதும் அந்தச் சுதந்திரத்தில் சேர்ந்ததுதான்.

அப்புறம் பிலேமோனுக்கு எழுதிய கடிதம். வெறும் 25 வசனம். ஒநேசிமு என்ற அடிமை எஜமான் பிலேமோனை விட்டுப் பிரிந்து, சிறையிலிருக்கும் பவுலிடம் வந்து விசுவாசியாகியிருக்கிறான். பவுல் அவனைத் திருப்பி அனுப்புகிறார். இதை வைத்து, ஓடிப்போன அடிமைகளைப் பிடித்துக் கொடுப்பது வேதத்துக்கு ஒத்தது என்று 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் அடிமை முறையை ஆதரித்தவர்கள் வாதாடினார்கள். அவனை விடுதலை செய் என்று ஒரே வரியில் எழுதியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று நானும் நினைப்பதுண்டு. இப்போதும் அந்த வருத்தம் முழுதாகப் போகவில்லை.

ஆனால் அந்தக் கடிதத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்தால் பவுல் பிலேமோனை எப்படி நடத்துகிறார் என்று தெரியும். கட்டளையிட எனக்குத் துணிவு உண்டு, ஆனாலும் அன்பினிமித்தம் கேட்கிறேன் என்கிறார். நீர் செய்யும் நன்மை கட்டாயத்தால் வரக்கூடாது, மனப்பூர்வமாய் வரவேண்டும் என்கிறார். இனி அவனை அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும் என்கிறார். அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தால் என் கணக்கில் வையும், நானே தீர்ப்பேன் என்று சொந்தக் கையால் எழுதித் தருகிறார். கூடவே, நீர் உம்மையே எனக்குக் கடன்பட்டிருப்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று சொல்லியும்விடுகிறார்! கடிதம் பிலேமோனுக்கு மட்டும் எழுதப்பட்டதும் இல்லை. அப்பியாளுக்கும் அர்க்கிப்புக்கும், அவர் வீட்டில் கூடும் சபைக்கும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறது. அதாவது சபை நடுவே வாசிக்கப்படும், பக்கத்தில் ஒநேசிமுவும் நின்றிருக்கக்கூடும். இது வற்புறுத்தல்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். வற்புறுத்தல்தான், சந்தேகமில்லை. ஆனால் முடிவெடுக்கும் இடத்திலிருந்து பிலேமோனை அவர் கிளப்பவில்லை. ஒளிந்துகொள்ளும் இடங்களை மட்டும் ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டே வருகிறார்.

பிலேமோன் என்ன செய்தார் என்று அந்தக் கடிதத்தில் இல்லை, இருக்கவும் முடியாது. 22-ஆம் வசனத்தில் மட்டும் போகிறபோக்கில் ஒரு வேண்டுகோள் இருக்கிறது: எனக்குத் தங்க ஓர் இடம் ஆயத்தம் பண்ணி வையும், சீக்கிரம் வரலாம் என்று நம்புகிறேன்.